நீ வாங்கப்போகும் ஜெட் படகைப் பற்றி

சேவியர், நீ அனுப்பிய கடிதமும் படங்கள் பதினொன்றும் வந்து சேர்ந்தன. பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கம்யூனிகேஷன் கடைக்காரன் அவற்றைக் கலரில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "என்னாங்க மெக்கானிக் ஐயா, பென்ஷன் எடுத்த பெறகு கப்பல் கம்பனி ஆரம்பிக்கப் போறீங்களா?" என்று கேட்டான். "ஆமா, ஒனக்கு மேல்தட்டுல ஒரு ரூம் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஹாலிஎல பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் படித்திருக்கலாம். கடைசி வரியைப் படித்தபோது பஸ் எங்கே நிற்கிறது, யார் ஏறுகிறார்கள் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. இறங்க வேண்டிய இடத்தை விட்டு இரண்டு வளைவு தாண்டி இறங்கி, மழையில் நடந்து வந்தேன்.

நீ கேட்டது சின்னக் கேள்விதான். நியூசிலாந்தில் நீ மாடு கறக்கும் பண்ணைக்குப் பக்கத்தில் ஆறு ஓடுகிறது, ஆழம் குறைந்த ஆறு, அங்கே எல்லோரும் ஜெட் படகுதான் வைத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகளும் உன் மச்சான் குடும்பமும் பிள்ளைகள் நாலு பேருமாகப் போய்வர ஒரு சின்னப் பழைய படகு வாங்கலாம் என்றிருக்கிறாய். நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று விலைக்கு வந்திருக்கின்றன, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். தேயிலைப் பெக்டரியில் முப்பத்தொரு வருஷம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிய அப்பனிடம் மகன் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. ஆனால் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாய்: "நான் வாங்கிக் கொடுத்தால் போதும் அப்பா. ஓட்டுவது மச்சான். நான் அதில் ஏறமாட்டேன், கரையில் இருந்து பார்த்துக்கொள்வேன். என் கைக்கு அது ஆகாது என்று உங்களுக்குத் தெரியும்தானே." இந்த வரியை எட்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது தெரியாது, சேவியர். எனக்குத் தெரிந்தது அதற்கு நேர்மாறானது. பதினான்கு வருஷமாகத் தெரியும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பிறகு உன் கையைப் பற்றிப் பேசுகிறேன். இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கடிதம் உனக்கு மட்டும் வரவில்லை. இதன் பிரதி ஒன்று நம் கோயிலின் மாதப் பத்திரிகையில் வரப்போகிறது. தோட்டத்து ஜனங்களும் டவுன்காரர்களும் உனக்கு முன்பே இதைப் படித்துவிடக்கூடும். வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்குக் கொண்டுபோனீர்கள் என்று உனக்குக் கோபம் வரலாம். காரணத்தைக் கடைசிவரை படித்தால் புரிந்துகொள்வாய். கோபம் அப்போதும் இருக்கலாம், இருக்கட்டும்.

நீலப் படகை வாங்காதே. அதன் சொந்தக்காரன் ஏழு படம் அனுப்பியிருக்கிறான், ஏழும் சீட்டும் ரேடியோவும் கோப்பை வைக்கிற இடமும்தான். அடிப்பக்கத்தை ஒன்றில்கூடக் காட்டவில்லை. ஜெட் படகுக்கு உயிரே அடியில்தான் இருக்கிறது. அங்கே ஒரு வாய் இருக்கும், கம்பிச்சட்டம் போட்டிருப்பார்கள், அதன் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகத் துப்பி படகு ஓடுகிறது. ஆழமில்லாத ஆற்றில் ஓடினால் கூழாங்கல்லும் மணலும் அதற்குள் போகும். உள்ளே சுற்றும் இலைச்சக்கரத்தின் விளிம்பு மழுங்கும். சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் இடைவெளி விழும். பிறகு இன்ஜின் கத்தும், படகு நகராது. புதுப் பெயின்ட் அடித்து ரேடியோ மாட்டியவன் இதையெல்லாம் உன்னிடம் சொல்லமாட்டான். வெள்ளைப் படகு வயசானது, சீட் கிழிந்திருக்கிறது, பார்க்க நன்றாக இல்லை. ஆனால் அந்த மனுஷன் படகை டிரெய்லரில் ஏற்றி, கீழே படுத்துக்கொண்டு அடியைப் படம் எடுத்திருக்கிறான். சட்டத்தில் ஒரு கம்பி வளைந்திருப்பது தெரிகிறது. வளைந்ததை மறைக்காதவனிடம் நீ பேசலாம்.

நேரில் போகும்போது சொல்லாமல் கொஞ்சம் முந்திப் போ. போனதும் இன்ஜின் மேல் கையை வைத்துப் பார். சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். ஆறிக் கிடக்கும் இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை நீ உன் காதால் கேட்க வேண்டும். எண்ணெயைத் தொட்டுப் பார், பால் ஊற்றிய கோப்பி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, திரும்பி வந்துவிடு. டார்ச் அடித்து அந்த வாய்க்குள் பார், சக்கரத்தின் விளிம்பை விரலால் தடவு. தளத்தில் காலை அழுத்தி நடந்து பார், எங்கேயாவது மெத்தென்று அமுங்கினால் பைபருக்கு அடியில் பலகை உளுத்துவிட்டது. ஸ்டியரிங்கை முழுக்க இரண்டு பக்கமும் திருப்பு, எங்கும் இறுக்கிப் பிடிக்கக்கூடாது. ஏன் விற்கிறாய் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். அவன் பேசட்டும். இன்னொன்று, ஐந்து பேருக்குச் செய்த படகில் நீங்கள் எட்டுப் பேர். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மருமகள் சொல்வாள். முடியாது என்று சொல். இரண்டு தடவையாகப் போய்வாருங்கள். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு மிதவைச் சட்டை. முன்மூக்கில் யாரும் உட்காரக்கூடாது, எவ்வளவு அழுதாலும் உட்காரக்கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஜெட் படகுக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீரின் பலத்தில்தான் அது திரும்புகிறது. வேகக் கைப்பிடியை, நாம் ரேஸ் என்கிறோமே அதைக் குறைத்தால் தண்ணீர் பீய்ச்சுவது நின்றுவிடும். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கை நீ எத்தனை சுற்று சுற்றினாலும் படகு கேட்காது. போன வேகத்திலேயே நேராகப் போய்க்கொண்டிருக்கும். எதிரில் எது இருந்தாலும் அதன் மேல்தான் போகும். காருக்கும் டிராக்டருக்கும் பழகியவன் கை ஆபத்து என்றால் தானாக ரேஸை விட்டுவிடும். இந்தப் படகில் அப்படி விட்டால் அவ்வளவுதான். ரேஸை வைத்துக்கொண்டே திருப்ப வேண்டும். நாம் நம் படகை வாங்கும் முன்பே எனக்கு இது தெரியும். எனக்குச் சொல்லியிருந்தார்கள். உனக்கு யாரும் சொல்லவில்லை. அதை உனக்குச் சொல்ல வேண்டியவன் நான்.

நம் படகின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். தோட்டத்தில் தொழிலாளிக்கு லயம், கிளார்க்குக்குக் குவார்ட்டர்ஸ், மேனேஜர் துரைக்குப் பங்களா. மெக்கானிக் மூன்றிலும் ஒட்டாதவன். பெக்டரிக்குப் பின்னால் எண்ணெய் நாற்றம் அடிக்கிற இரண்டு அறை வீடு நமக்கு. கிளார்க்மார் பிள்ளைகள் துரையின் கிளப்பில் பந்து பொறுக்கிப்போடப் போவதே பெரிய கௌரவமாக இருந்த காலம். ஒரு நாள் உன் தங்கை ஸ்டெல்லா கிளப் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், காவல்காரன் அவளைக் கோழியை விரட்டுவது மாதிரி விரட்டுகிறான். நான் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த ஆத்திரம் எனக்குள் கிடந்தது. என் பிள்ளைகளுக்குத் துரை பிள்ளைகளுக்குக்கூட இல்லாத ஒன்றை வாங்கிக் கொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். குடும்பமாகச் சந்தோஷமாக இருக்கத்தான் படகு வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பாதி உண்மை. மீதி வீம்பு.

மொனராகலையில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த சோமதாச முதலாளியின் டிராக்டர்களைப் பழுது பார்க்க லீவு நாட்களில் நான் போய்வருவது உனக்கு ஞாபகம் இருக்கும். அவருடைய கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது அந்தப் படகு. கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஓட்டிய எவனோ, யுத்தத்தில் வெள்ளைக்காரர்கள் வருவது நின்றுபோனதும் அவர் தலையில் கட்டியிருந்தான். நான் மூன்று வாரம் அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். இன்று உனக்குச் சொன்ன சோதனை ஒன்றையும் அன்று நான் செய்யவில்லை. என் கைக்கு எந்த இன்ஜினும் மசியும் என்று ஒரு மிதப்பு. பக்கத்தில் இருந்த பெரிய குளத்தில் இறக்கி ஓட்டிக் காட்டினபோது சோமதாச முதலாளி தன் சிங்களத் தமிழில் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "பாஸ், ஒண்ணு மட்டும் நல்லா நெனப்பு வைங்க. இதுக்கு ரேஸ் இல்லாட்டி, சுக்கானும் இல்ல. பயம் வந்திச்சா, ரேஸ் குடுக்கோணும், திருப்போணும்." நான் சிரித்தேன். "முதலாளி, நான் இன்ஜினோட பொறந்தவன். எனக்கே பாடமா?" என்றேன். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறாததற்கு ஒரு காரணம் உண்டு. நீ பிறப்பதற்கு முந்திய வருஷம், பெக்டரியில் ரோலர் பக்கம் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் அவளைப் பிடித்து இழுக்க ஓடினார்கள். நான் அவள் பக்கம் திரும்பாமல் இன்ஜின் ரூமுக்கு ஓடி எல்லாவற்றையும் ஒரே அடியாக நிறுத்தினேன். சேலை கிழிந்தது, அவள் பிழைத்தாள். துரை எல்லோர் முன்னிலையிலும் எனக்குக் கை கொடுத்தார். அன்றிலிருந்து அதுவே என் வேதம். முதல்ல நிப்பாட்டு, பெறகு யோசி. வேலை பழக வந்த ஒவ்வொருவனுக்கும் அதைச் சொல்லித்தான் கையில் ஸ்பானர் கொடுப்பேன். பன்னிரண்டு வயசிலிருந்து சனிக்கிழமைகளில் நீ என்னோடு பெக்டரிக்கு வருவாய். உனக்கும் அதே பாடம்தான். நீ மறந்தால் முதுகில் ஒன்று வைப்பேன். தேயிலைப் பெக்டரிக்கு அது சரியான பாடம். அது எல்லா இடத்துக்கும் சரி என்று நான் நம்பியதுதான் தப்பு.

முதல் மூன்று ஞாயிறும் நன்றாகத்தான் போயின. காலைப் பூசை முடிந்து, லொறி பிடித்து, பசறை வழியாக இறங்கி, மத்தியானத்துக்குள் குளக்கரைக்குப் போய்விடுவோம். வழியில் செக்பொயின்ட்களில் இறங்கி ஏறுவதுதான் தொல்லை. முதல் நாள் உன் அம்மா ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து, பிறகு ஏறி, தண்ணீர் முகத்தில் அடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்டெல்லா, "அப்பா இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். நீ என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டாம் ஞாயிறு உன்னிடம் கொஞ்ச நேரம் ஓட்டக் கொடுத்தேன். மூன்றாம் ஞாயிறு என்னைவிட நீ நன்றாக ஓட்டினாய். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, லேசாக எரிச்சலாகவும் இருந்தது. இதை இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேன்.

நான்காம் ஞாயிறு குளத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. குளம் கட்டும்போது மூழ்கிப்போன பட்ட மரங்களின் தலைகள் ஒரு ஓரத்தில் வெளியே தெரிந்தன. வெளியே தெரியாதவை எத்தனையோ. அன்றைக்குப் படகை இறக்கியே இருக்கக்கூடாது. அவ்வளவு தூரம் லொறிக்குக் கொடுத்து வந்தாயிற்றே என்று இறக்கினேன். அம்மா கரையில் சோற்றுப் பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். படகில் நாம் மூன்று பேர். நீ ஓட்டினாய், நான் பக்கத்தில். ஸ்டெல்லா முன்மூக்கில் உட்காருவேன் என்றாள். நீ வேண்டாம் என்றாய், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, அவள உள்ள உக்காரச் சொல்லுங்க" என்றாய். நான்தான், "புள்ள ஆசப்படுது, விடு" என்றேன்.

மரத்தை முதலில் பார்த்தது நீ. நான் கரையைப் பார்த்து அம்மாவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தேன். நீ ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தபோது படகு சாய்ந்தது, அப்போதுதான் நான் திரும்பினேன். இதைக் கவனமாகப் படி, சேவியர். படகு திரும்பத் தொடங்கியிருந்தது. உன் கை ரேஸைக் குறைக்கவில்லை, கூட்டிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லித்தராமலே அந்தப் படகு என்ன கேட்கிறது என்பதை நீ மூன்று ஞாயிற்றில் தெரிந்து வைத்திருந்தாய். இன்னும் இரண்டு நொடி விட்டிருந்தால் மரம் நமக்கு வலது பக்கமாகப் போயிருக்கும். நான் கத்தினேன். "ரேஸ விடுடா! விடு! விடு!" நீ என் முகத்தை ஒரு தடவை பார்த்தாய். பதினைந்து வயசுப் பிள்ளை, அப்பன் கத்துகிறான், அதுவும் இன்ஜினைப் பற்றி எல்லாம் தெரிந்த அப்பன். கையை எடுத்துவிட்டாய். சாய்ந்திருந்த படகு நிமிர்ந்து நேராகப் போனது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே நம் பிள்ளை போய்விட்டாள். அவளுக்கு ஒன்பது வயசு.

கரையில் அம்மா ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, "எப்படிங்க? எப்படி?" என்பதுதான். நான் சொன்னேன், "பயந்து ரேஸ விட்டுட்டான்." யோசித்துச் சொன்னது இல்லை, வாயில் வந்தது. நீ நனைந்துபோய்ப் பக்கத்தில் நின்றாய். அப்பாதான் விடச் சொன்னார் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அதிர்ச்சியில் உனக்கு ஞாபகமே இல்லையா, இல்லை, ரேஸை விட்டது மாதிரியே இதற்கும் எனக்குப் பணிந்து நின்றாயா? இந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாய் என்று பயம்.

அன்றைக்கே திருத்தியிருக்கலாம். மறுநாள் திருத்தியிருக்கலாம். சாவு வீட்டுக்கு சோமதாச முதலாளி வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாஸ், ரேஸ் விட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். பையனுக்கு நீ சொல்லிக் கொடுக்கவில்லையா என்று கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பதைத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவர் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படிப்பட்டவனாக ஆகியிருந்தேன்.

இதைவிடக் கேவலமானது முப்பதாம் நாள் பூசையில் நடந்தது. பூசை முடிந்ததும் குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை நன்றி சொல்லச் சொன்னார்கள். நான் பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். கோயில் நிறைய ஜனம். நீ கடைசி வரிசையில் முழங்காலில் இருந்தாய். "எம் மகன யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. சின்னப் புள்ள, பயந்துட்டான். நான் அவன மன்னிச்சிட்டேன். நீங்களும் மன்னிச்சிருங்க" என்று சொன்னேன். ஜனங்கள் அழுதார்கள். வெளியே வந்ததும் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "என்னா மனசுங்க ஒங்களுக்கு" என்றார்கள். நான் அந்தக் கைகளையெல்லாம் வாங்கிக்கொண்டேன். நீ செய்யாத குற்றத்துக்கு உன்னை ஊர் முன்னால் மன்னித்துவிட்டு, நல்ல தகப்பன் என்று பெயரும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு நீ பெக்டரிப் பக்கம் வரவில்லை. ஸ்பானரைத் தொடவில்லை. பத்தொன்பது வயசில் கொழும்புக்குப் போனாய், அங்கிருந்து கண்காணாத தேசம். இயந்திரத்தில் அவ்வளவு நல்ல கை உள்ள பிள்ளை மாடு கறக்கப் போய்விட்டானே என்று நான் பலரிடம் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறேன், ஏன் போனான் என்று தெரியாதவன் மாதிரி. உன் அம்மா உன்னை ஒருநாளும் திட்டியதில்லை, அது உண்மை. ஆனால் நீ போனில் கூப்பிட்டால், "சாப்பிட்டியா, புள்ளைங்க நல்லமா, இரு, அப்பாகிட்ட குடுக்குறேன்" என்பதோடு முடித்துக்கொள்வாள். உன் கல்யாணத்தன்று உனக்கு நெற்றியில் சிலுவை போட்டவள் அடுத்த நிமிஷமே உள்ளே போய்விட்டாள். ஒரு தடவை சமையலறையில் தனக்குத்தானே, "அந்தக் கைய மட்டும் எடுக்காம இருந்திருந்தா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். பெற்ற தாயை மகனிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தது என் வாயிலிருந்து வந்த மூன்று வார்த்தை.

போன சனிக்கிழமை அவளிடம் சொன்னேன். கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன், பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், சோமதாச முதலாளி சொன்னதிலிருந்து. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். நான் எதிர்பார்த்தது அழுகையை, இல்லாவிட்டால் சாபத்தை. அவள் கேட்டது வேறு. "நான் போன பட்டுனு வைக்கிறது அந்தப் புள்ளைக்கு வெளங்கியிருக்குமா?" என்றாள். "வெளங்கியிருக்கும். என்னா வெளங்காம? பதினாலு வருஷமாச்சே" என்று அவளே சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்து, "கோயில்ல வச்சித்தானே சொன்னீங்க. கோயில்லயே எழுதிப் போடுங்க. அது வரைக்கும் எங்கிட்ட பேச வேணாம்" என்றாள். ஊருக்கு ஏன் கொண்டுபோனேன் என்பதற்குக் காரணம் இதுதான். அவள் சொன்னது சரி. ஊர் நடுவில் உன் மேல் போட்டதை நான் ஊர் நடுவில்தான் இறக்க வேண்டும். அவள் எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு மற்ற அறைக்குப் போய்விடுகிறாள். போகட்டும், எனக்கு அந்தத் தண்டனை போதாது.

நீயும் இப்போது தகப்பன். ஒன்று மட்டும் சொல்கிறேன், புத்திமதி சொல்லும் தகுதி இல்லாதவன் சொல்வதாகவே கேள். பிள்ளைகள் முன்னால் நீ ஒரு தப்புச் செய்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, நான்தான் என்று சொல்லிவிடு. மறுநாள் சொல்வது அதைவிடக் கஷ்டம். ஒரு மாதம் போனால் மன்னிக்கிற இடத்தில் போய் நின்றுவிடுவாய். அப்புறம் இறங்க வழியே தெரியாது. நான் இறங்குவதற்கு என் மகளுக்கு இருபத்து மூன்று வயசாக வேண்டியிருந்திருக்கிறது, அவள் இருந்திருந்தால்.

அன்று பீடத்தின் முன்னால் சொன்னதை இங்கே திரும்பப் பெறுகிறேன். என் மகனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க எதுவும் இருக்கவில்லை. இதைப் படிக்கிற ஜனங்களும் அன்றைக்கு அவனுக்குக் கொடுத்த மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். சேவியர், நீ எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. உன் அம்மாவின் போனை மட்டும் எடு. அவள் பேசத் தெரியாமல் பேசுவாள். என்னிடம் கொடுக்கச் சொல்லாதே.

வெள்ளைப் படகை வாங்கு. வளைந்த கம்பியை மாற்றிக்கொள். உன் மச்சான் நல்லவன்தான், ஆனால் என் பேரப்பிள்ளைகள் ஏறுகிற படகை அவன் ஓட்ட வேண்டாம், நீ ஓட்டு. அந்தக் குளத்தில் மூன்று பேர் இருந்தோம், சரியாகச் செய்தது உன் கை ஒன்றுதான். முதலில் தனியாகப் போ. அகலமான இடமாகப் பார்த்து, வேகமாக விட்டுத் திருப்பிப் பழகு. என்றைக்காவது ஒரு நாள் ஆற்றில் உன் எதிரே ஒரு கல்லோ மரமோ வரும். அப்போது விடு, விடு என்று ஒரு குரல் உன் காதில் கத்தும், அதற்குப் பணிந்து பழகியவன் நீ. இந்தத் தடவை பணியாதே. ரேஸைப் பிடித்துக்கொண்டு திருப்பு, பிள்ளைகளைக் கரை சேர்.

கத்துகிறவன்,
உன் அப்பா